குழந்தையின் இதயம் திடீரென மிக வேகமாக ஓடினால்: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு மாதக் குழந்தை, வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதியைக்கூடக் குடிக்காமல் மார்பை விட்டு விலகிச் சிணுங்குகிறது. நெற்றியில் வியர்வை துளிர்த்திருக்கிறது, உதட்டோரம் வெளிறியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஆனால் காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. இதற்கு நம் வீடுகளில் காரணங்கள் தயாராகவே இருக்கும்: மாந்தம், உரம் விழுந்திருக்கிறது, கண் பட்டிருக்கிறது. உரை மருந்து புகட்டி, உரம் எடுக்கத் தெரிந்தவரிடம் தூக்கிக்கொண்டு போய் வருவதற்குள் ஒன்றரை நாள் ஓடிவிடுகிறது. இடையில் யாராவது ஒருவர் அந்தக் குழந்தையின் மார்பில் காதை வைத்துக் கேட்டிருந்தால், நிமிடத்துக்கு 250 தடவைக்கு மேல் ஓடும் துடிப்பு அவருக்குக் கேட்டிருக்கக்கூடும். பாட்டிமார்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று; குழந்தை சரியில்லை என்பதைப் பெரும்பாலும் அவர்கள்தாம் முதலில் கண்டுகொள்கிறார்கள். நாள் கடத்துவதுதான் ஆபத்து.

சூப்ராவென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்ற பெயரை மருத்துவர்கள் எஸ்விடி என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த நிலைதான், குழந்தைகளுக்கு வரும் வேகத் துடிப்புக் கோளாறுகளில் மிகுதியாகக் காணப்படுவது. 250 முதல் 1,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருவதாகக் கணக்கிடப்படுகிறது. முறையாகக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு நல்லபடியாகக் கட்டுப்படும். கண்டுபிடிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஏனென்றால் துடிப்பு தானாகவே நின்றுவிட்டால், அடுத்த பத்தாவது நிமிடத்தில் எடுக்கும் ஈசிஜி முற்றிலும் இயல்பாக இருக்கக்கூடும், பெற்றோரும் “ஒன்றும் இல்லை” என்ற பதிலோடு வீடு திரும்ப நேரும். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே ஒரு வேலையை மையமாகக் கொண்டது: வேகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஈசிஜி தாளில் பிடித்துவிடுவது.

உள்ளே நடப்பது

இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்தூண்டல், நடுவிலுள்ள ஏவி கணு என்ற ஒரே இடத்தின் வழியாகத்தான் கீழறைக்கு இறங்க வேண்டும். அந்தக் கணு தூண்டலைச் சற்றே தாமதப்படுத்தி அனுப்பும். சில குழந்தைகளுக்குக் கரு வளரும்போதே மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் ஒரு கூடுதல் தசையிழை எஞ்சிவிடுகிறது. வயலில் மடை வழியாக மட்டும் பாய வேண்டிய நீர், வரப்பிலுள்ள நண்டு வளை வழியாகவும் கசிவதைப் போல, மின்தூண்டல் இந்த இழை வழியாகவும் போகிறது. கணு வழியாகக் கீழே இறங்கிய தூண்டல், இழை வழியாக மேலே ஏறி, மறுபடியும் கணுவுக்கே வந்தால் ஒரு சுற்று உருவாகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றும் ஒரு துடிப்பாகும். சுற்று எங்காவது ஓரிடத்தில் அறுந்தால் வேகம் அந்த நொடியே நிற்கும். இந்த நோய் மின்விசிறிச் சுவிட்சைத் தட்டினாற்போலத் திடீரெனத் தொடங்கித் திடீரென முடிவதற்கும், பின்னால் சொல்லப்போகும் சிகிச்சைகளில் பல ஏவி கணுவைக் குறிவைப்பதற்கும் இதுவே காரணம்.

கைக்குழந்தைகளிடம் காணப்படுவது பெரும்பாலும் இந்தக் கூடுதல் இழை வகை. பதின்வயதை நெருங்கும்போது ஏவி கணுவுக்குள்ளேயே இரண்டு பாதைகள் அமைந்து சுற்றும் வகை அதிகமாகிறது. கூடுதல் இழை சாதாரண நேரத்திலும் ஈசிஜியில் அடையாளம் காட்டினால், அதற்கு உல்ஃப்-பார்க்கின்சன்-வைட் என்று பெயர். 1930-இல் அதை விவரித்த மூன்று மருத்துவர்களின் பெயர்கள் அவை. மருந்துத் தேர்வையே மாற்றிவிடும் என்பதால், உங்கள் குழந்தைக்கு அந்த அடையாளம் உண்டா இல்லையா என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: எப்போது சந்தேகப்படுவது

பேசத் தெரியாத குழந்தை தனக்குப் படபடப்பு என்று சொல்லாது. பால் குடிக்கும் அளவு குறைவது, குடிக்கும்போதே களைத்து வியர்ப்பது, காரணமில்லாத சிணுங்கல் அல்லது அதற்கு நேர்மாறான சோர்வு, வெளிறல், வேகமான மூச்சு, வாந்தி ஆகியவையே அதன் மொழி. சில மணி நேரம்வரை குழந்தையின் இதயம் இந்த வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒரு நாளைக் கடந்து இரண்டாம் நாளை எட்டும்போது இதயம் தளர்ந்து, கல்லீரல் வீங்கி, கை கால்கள் குளிர்ந்து, குழந்தை ஆபத்தான நிலைக்குப் போய்விடக்கூடும். மூன்று நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் “நெஞ்சு குதிக்குது”, “நெஞ்சுக்குள்ள ஏதோ ஓடுது” என்று சொல்வதுண்டு. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென உட்கார்ந்து மார்பைப் பிடித்துக்கொள்வதும், கழுத்து நரம்பு துடிப்பது கண்ணுக்குத் தெரிவதும் கவனிக்க வேண்டிய குறிகள். தேர்வுப் பயம், பள்ளிக்குப் போகாமலிருக்கப் போடும் நாடகம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. துடிப்பை ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வருவது நல்லது.

வேகமான துடிப்பெல்லாம் எஸ்விடி அன்று. காய்ச்சலில் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைக்கும், இரத்தசோகை உள்ள குழந்தைக்கும், மூச்சிரைப்புக்கு நெபுலைசரில் சால்பியூட்டமால் வைத்த குழந்தைக்கும் வேகமாகத்தான் துடிக்கும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகும் துடிப்பு வேகமாகவே இருந்து கை கால் சில்லிட்டால், அது வேறு வகையான அவசரம். இன்னொன்றையும் நம் பக்கத்துக் கிராமங்களில் மறக்கக் கூடாது. இரவில் வீறிட்டு அழத் தொடங்கிய குழந்தை உடம்பெல்லாம் வியர்த்து, கை கால் குளிர்ந்து, இதயம் வேகமாக அடிக்கக் கிடந்தால் செந்தேள் கொட்டியிருக்கலாம். பாயையும் துணியையும் உதறிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், போனதும் அந்தச் சந்தேகத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: எண்ணுவது

இதற்குக் கருவி தேவையில்லை. கைக்குழந்தை என்றால் இடது முலைக்காம்பின் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள், அல்லது முழங்கைக்கு மேலே, கையின் உட்புறத்தில் இரண்டு விரலை மெல்ல அழுத்தி நாடியைப் பிடியுங்கள். பெரிய பிள்ளைக்கு மணிக்கட்டு போதும். ஒருவர் கைப்பேசியில் நேரத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். இந்த வேகத்தில் “ஒன்று, இரண்டு” என்று வாயால் எண்ணினால் நாக்கு தடுமாறும். ஒவ்வொரு துடிப்புக்கும் பேனாவால் தாளில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போய், பிறகு புள்ளிகளை எண்ணுவது எளிது. தாளில் 60 புள்ளிக்கு மேல் விழுந்திருந்தால் துடிப்பு 240-ஐத் தாண்டுகிறது என்று பொருள். எண்ணவே முடியவில்லை என்றால் அதுவும் ஒரு விடைதான். அப்படியே மருத்துவரிடம் சொல்லலாம்.

விழித்திருக்கும் கைக்குழந்தைக்கு 100 முதல் 180 வரையிலும், பள்ளி வயதில் சுமார் 75 முதல் 118 வரையிலும், பதின்வயதில் 60 முதல் 100 வரையிலும் துடிப்பு இருப்பது இயல்பு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 220-க்கு மேலும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஓடாமல் ஆடாமல் இருக்கும்போதே 180-க்கு மேலும் போனால் எஸ்விடியைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணிக்கையைப் போலவே அதன் போக்கும் முக்கியம். அழுகையால் ஏறிய துடிப்பு, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், மறுபடி அழுதால் ஏறும். எஸ்விடியில் அழுதாலும் தூங்கினாலும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். ஆகவே ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை எண்ணுங்கள். குழந்தை பார்வைக்கே மோசமாக இருந்தால் மட்டும் இரண்டாவது எண்ணிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையோ, வீட்டிலுள்ள இரத்த அழுத்தக் கருவியையோ இந்த நேரத்தில் நம்பாதீர்கள். அவை பெரியவர்களின் விரலுக்கும் கைக்கும் ஏற்றவை. இவ்வளவு வேகத்தைத் தவறாகக் காட்டவோ, பாதியாகக் காட்டவோ கூடும். கைப்பேசியில் குழந்தையின் மார்பையும் கழுத்தையும் அரை நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள், தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்ய வேண்டியது அவ்வளவே.

மூன்றாம் படி: எங்கே போவது

குழந்தை மயங்கினாலோ, சாம்பல் நிறமாக வெளிறினாலோ, கூப்பிட்டால் விழிக்காவிட்டாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புகள் உள்வாங்கினாலோ 108-ஐ அழைக்க வேண்டும். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், பாகூர்ப் பக்கத்தில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால், அழைத்த உடனே எந்த மாநிலம், எந்த ஊர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். அசைவும் மூச்சும் நின்றுவிட்ட குழந்தைக்கு, வண்டி வரும்வரை நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வீதம் அழுத்த வேண்டும்: கைக்குழந்தைக்கு மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் சுமார் 4 சென்டிமீட்டர் ஆழம், பெரிய பிள்ளைக்கு உள்ளங்கையால் சுமார் 5 சென்டிமீட்டர். 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு ஊத வேண்டும்.

குழந்தை விழிப்போடு, ஓரளவு தெளிவாக இருந்தால் எங்கே போவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கே நேராகப் போய்விடலாம் என்ற எண்ணம் கடலூர்க்காரர்களுக்கு இயல்பாக வரும். ஆனால் கடலூரிலிருந்து கோரிமேட்டுக்குப் போக அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் என்று நெரிசலைத் தாண்டி நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். மாலை நேரத்தில் அந்தப் பயணம் எவ்வளவு நீளும் என்று நமக்குத் தெரியும். வழியிலேயே துடிப்பு நின்றுவிட்டால் ஆதாரமும் போய்விடும், நிற்காவிட்டால் குழந்தை மேலும் களைக்கும். என் கருத்தில், முதல் ஈசிஜியைக் கைக்கெட்டும் தூரத்திலேயே எடுத்துவிட வேண்டும். கடலூர் நகரத்தார் அரசு தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் பக்கத்தார் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்தார் அந்தந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் எடுத்துக்கொண்டு, அங்கே தரும் முதல் சிகிச்சைக்குப் பிறகு மேல்சிகிச்சைக்குப் போகலாம். புதுச்சேரி நகரத்திலிருப்பவர்களுக்கு எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும், கதிர்காமத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியும், ஜிப்மரும் பக்கத்திலேயே இருக்கின்றன. எங்கே போனாலும் வெளிநோயாளர் சீட்டு வரிசையில் நிற்காமல் அவசரப் பிரிவுக்குள் நுழையுங்கள்.

அங்கே பேசும் முதல் வாக்கியம் முக்கியமானது. “குழந்தை பால் குடிக்கல, ஒரு மாதிரியா இருக்கு” என்றால் வரிசையில் உட்காரச் சொல்லக்கூடும். “நெஞ்சு துடிப்பு எண்ணிப் பார்த்தோம், நிமிஷத்துக்கு 240-க்கு மேல இருக்கு, காலைல ஆறு மணியிலிருந்து இப்படித்தான், காய்ச்சல் இல்லை, உடனே ஒரு ஈசிஜி எடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். புள்ளி வைத்த தாளையும் நீட்டுங்கள். செவிலியர் அந்த நொடியே மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைப்பார்.

நான்காம் படி: அந்தத் தாள்

சிறிய மருத்துவமனைகளில் கைக்குழந்தைக்கு ஈசிஜி எடுக்கத் தயங்குவதுண்டு. பெரியவர்களுக்கான உறிஞ்சு முனைகள் அந்தச் சின்ன மார்பில் ஒட்டாது. பன்னிரண்டு லீடும், அதாவது இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் காட்டும் பதிவுகளும், கிடைத்தால் நல்லதுதான், ஆனால் கிடைக்காவிட்டால் கை கால் லீடுகளை மட்டும் மாட்டி எடுக்கும் ஒரு நீளமான பட்டைகூடப் பெரிய உதவி. அதையாவது எடுத்துத் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

தாளை நீங்களும் ஓரளவு படிக்கலாம். ஈசிஜி தாள் பொதுவாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு சின்னக் கட்டம் ஒரு மில்லிமீட்டர். ஒரு கூர்முனைக்கும் அடுத்த கூர்முனைக்கும் இடையிலுள்ள சின்னக் கட்டங்களை எண்ணி, 1,500-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கான துடிப்பு வரும். ஐந்து கட்டம் என்றால் 300, ஆறு என்றால் 250, பத்து என்றால் 150. எஸ்விடியில் கூர்முனைகள் ஒடுங்கியும், அளவெடுத்து நட்டாற்போலச் சம இடைவெளியிலும் நிற்கும். இயல்பான துடிப்பில் ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னால் தெரியும் சிறிய மேடு தெளிவாகத் தெரியாது. கூர்முனைகள் அகன்றிருந்தால் அது கீழறையிலிருந்து வரும் வேறு வகையாகவும் இருக்கலாம். அதை முடிவு செய்வது மருத்துவர் வேலை.

இந்தத் தாள் வெப்பத்தால் அச்சாகும் வகை. வெயிலிலும் பர்ஸிலும் கிடந்தால் சில மாதங்களில் வெளுத்துவிடும். பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேஷன் செய்யக் கொடுத்தால், அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்து ஒரு கோடும் மிஞ்சாது. கைக்கு வந்த உடனே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, குழந்தையின் பெயர், தேதி, நேரத்தோடு குடும்பத்தில் இருவர் கைப்பேசியிலாவது வைத்துக்கொள்ளுங்கள். அன்றே இரண்டு நகல் எடுத்துவிடுங்கள். வேகம் ஓடும்போது எடுத்த தாளும், நின்ற பிறகு எடுத்த தாளும் சேர்ந்திருந்தால்தான் இதயவியல் மருத்துவர் கூடுதல் இழை உண்டா, எங்கே இருக்கலாம் என்றெல்லாம் ஊகிக்க முடியும். பத்து பக்க டிஸ்சார்ஜ் அறிக்கையைவிட அந்த இரண்டு தாள்களுக்கு மதிப்பு அதிகம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்

குழந்தை தெளிவாக இருந்தால் முதலில் செய்வது குளிர்ச்சி வைப்பது. பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பையை மூக்கையும் வாயையும் மூடாமல், நெற்றி, கண், மூக்குத்தண்டின் மேற்பகுதி ஆகியவற்றின் மேல் 15 முதல் 30 நொடி வைப்பார்கள். முகத்தில் சட்டெனக் குளிர் பட்டால் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு ஏவி கணு ஒரு கணம் தளரும், சுற்று அறுபடும். குழந்தை கத்தும், கவலைப்படாதீர்கள்.

அதில் நிற்காவிட்டால் அடினோசின் ஊசி. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று தொடங்கி, நிற்காவிட்டால் 0.2 வரை கூட்டுவார்கள். இரத்தத்தில் பத்து நொடிக்குள்ளேயே பாதி அழிந்துபோகும் மருந்து என்பதால், முழங்கைப் பக்கத்து நரம்பில் மின்னல் வேகத்தில் செலுத்தி, உடனே உப்புநீரால் தள்ளிவிட வேண்டும். அப்போது மானிட்டரில் கோடு ஓரிரு நொடி நேர்கோடாகப் படுத்துவிட்டு மறுபடி துடிக்கத் தொடங்கும்; குழந்தையின் முகம் சிவக்கும், வீறிட்டு அழும். முன்கூட்டியே தெரிந்து வைத்திராத பெற்றோருக்கு அந்த ஓரிரு நொடி உயிரே போய்விடும். அந்தச் சமயத்தில் ஈசிஜி தாளை நிறுத்தாமல் ஓடவிடுவது வழக்கம். அந்தப் பட்டையின் நகலையும் கேட்டு வாங்குங்கள், சுற்று எந்த இடத்தில் அறுந்தது என்பதை அது காட்டும்.

இரத்த அழுத்தம் இறங்கி, குழந்தை மிகவும் மோசமாக இருந்தால் தாமதிக்காமல் கிலோவுக்கு 0.5 முதல் 1 ஜூல் என்ற சிறிய அளவில், துடிப்போடு ஒத்திசைத்த மின்அதிர்ச்சி கொடுப்பார்கள். கேட்பதற்குப் பயமாக இருந்தாலும் அந்த நிலையில் அதுவே பாதுகாப்பான வழி. அமைதியான பிறகு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து இதயத்தின் அமைப்பில் பிறவிக் குறை உண்டா என்று பார்ப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அமைப்பு சரியாகவே இருக்கும். தேவைப்பட்டால் துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை மாட்டுவார்கள்.

வீட்டில் மருந்து

முதல் வயதில் வந்தவர்களுக்கு மறுபடி வராமலிருக்க ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தினசரி மருந்து தருவது வழக்கம். பிராப்ரனோலால் மிகுதியாகப் பயன்படுகிறது. 10 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து, குறிப்பிட்ட அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, அதில் ஒரு பகுதியை மட்டும் கொடுக்கச் சொல்லும்போதுதான் பிழைகள் நடக்கின்றன. எத்தனை மி.லி. நீர், அதில் எத்தனை மி.லி. குழந்தைக்கு, மீதியைக் கொட்ட வேண்டுமா என்று மூன்றையும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் அளவை மருத்துவமனையிலேயே செவிலியர் முன்னால் நீங்கள் கலந்து காட்டுங்கள். பாலாடை, தேக்கரண்டி வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கன்னத்தின் ஓரத்தில் விடுங்கள்.

பிராப்ரனோலால் கைக்குழந்தையின் இரத்தச் சர்க்கரையை இறக்கக்கூடும். ஆகவே பால் குடித்த பிறகே மருந்து. குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டோ, பாலே குடிக்காமலோ இருந்தால் அடுத்த வேளையைக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மூச்சிரைப்பு உள்ள குழந்தை என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும். துடிப்பை அடக்க வேறு சிலருக்குத் தரும் டிகாக்சின் சொட்டு மருந்தில் அளவு சற்றே கூடினாலும் நஞ்சாகும், உல்ஃப்-பார்க்கின்சன்-வைட் உள்ளவர்களுக்கு அது பொதுவாகத் தரப்படுவதில்லை. அதே வேலைக்கான இன்னொரு மருந்தான ஃபிளெக்கனைடு பெறும் குழந்தைக்குப் பாலைத் திடீரெனக் குறைத்தால் மருந்து உடம்பில் அதிகமாகச் சேரக்கூடும். எந்த மருந்தானாலும் கக்கிவிட்டது என்று நீங்களாகவே மறுபடி புகட்டாதீர்கள். மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சளி மருந்துகளில் துடிப்பைக் கூட்டும் பொருள் இருக்கலாம். சீட்டில்லாமல் வாங்க வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இரண்டு வார மருந்தைக் கூடுதலாக வாங்கி வைப்பதை நம் கடற்கரை மாவட்டங்களில் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் வந்தபோது மருந்துக் கடைக்குப் போய் வருவதே எவ்வளவு பாடாயிற்று என்பது பலருக்கு நினைவிருக்கும்.

மறுபடி வந்தால்

ஒரு தடவை உறுதிப்பட்ட பிள்ளைக்கு மட்டுமே, அதுவும் மருத்துவர் நேரில் கற்றுத்தந்த பிறகே, வீட்டில் முயன்று பார்க்கலாம். ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைப் படுக்க வைத்து, ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சின் முனையில் வாயை வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும்படி 15 நொடி ஊதச் சொல்லுங்கள். ஊதி முடித்த கையோடு இரண்டு கால்களையும் 45 பாகை உயர்த்திப் பிடியுங்கள். கைக்குழந்தைக்குப் பனிக்கட்டிப் பை மட்டுமே. தண்ணீரில் முகத்தை அமுக்குவது கூடாது. கண்ணை அழுத்துவதும், கழுத்து நரம்பைத் தேய்ப்பதும் கூடவே கூடாது. இரண்டு தடவை முயன்றும் நிற்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். கைக்குழந்தை என்றால் எத்தனை முறை வந்திருந்தாலும் ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்குப் போவதே சரி.

பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்: நோயின் பெயர், வந்தால் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும், எப்போது 108. ஓட்டமும் விளையாட்டும் பெரும்பாலானவர்களுக்குத் தடையில்லை. கிணற்றிலும் கடலிலும் மட்டும் கண்பார்வையில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். எனர்ஜி பானங்கள் வேண்டாம். ஓடும்போதோ நீந்தும்போதோ பிள்ளை மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது காரணமின்றி இறந்திருந்தாலோ அதைச் சாதாரண எஸ்விடி என்று விட்டுவிடாமல் உடனே இதயவியல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வும் செலவும்

முதல் வயதில் தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதல் பிறந்தநாளை ஒட்டி இது அடங்கிவிடுகிறது. சிலருக்குப் பள்ளி வயதில் திரும்ப வரும். அடிக்கடி வருபவர்களுக்குக் கேத்தீட்டர் அப்லேஷன் உண்டு. தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கூடுதல் பாதையைச் சூட்டாலோ குளிராலோ அழிப்பது அந்த முறை. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பலன் தருகிறது. ஏவி கணுவுக்கு அருகில் பாதை இருந்தால் கணுவே பழுதாகிப் பேஸ்மேக்கர் தேவைப்படும் சிறிய ஆபத்தும் உண்டு. இந்த நோய் பொதுவாகப் பொறுத்துப் பார்க்கக்கூடியது என்பதால், பிள்ளை 15 கிலோ எடையைத் தாண்டும்வரை மருந்தில் ஓட்டுவதையே பெரும்பாலும் விரும்புகிறார்கள்.

தமிழ்நாட்டுக் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும், புதுச்சேரிக் குடும்பம் என்றால் ஆயுஷ்மான் பாரத் அட்டையையும் நோய் வந்த பிறகு தேடாமல் முன்பே எடுத்து, அதில் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறந்த குழந்தையின் பெயர் ரேஷன் அட்டையில் ஏறாததால் கடைசி நேரத்தில் அலைய நேர்வதுண்டு. சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன்பே, அந்த மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை திட்டத்தில் அடங்குமா என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு முன்அனுமதி வாங்கச் சொல்லுங்கள். கேட்கப் போகும்போது, வேகம் ஓடும்போது எடுத்த ஈசிஜியின் நகல், எக்கோ அறிக்கை, இதுவரை வந்த தேதிகளும் ஒவ்வொன்றும் நீடித்த நேரமும் எழுதிய நோட்டு ஆகிய மூன்றும் பையில் இருக்கட்டும்.